புதுப்பிப்பு: டிப்ளமசியின் புதிய பதிப்புக்காகக் காத்திருக்கிறோம்

ஐரோப்பிய வரைபடத்தில் படைகளை நகர்த்தி ஆடும் டிப்ளமசி பலகை விளையாட்டின் பழைய பெட்டியையே வைத்துக்கொள்வதா, புதிய பதிப்பு வரும்வரை பொறுப்பதா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பொறுக்கவே முடிவு செய்து, டர்பன் கடையொன்றில் முன்பணமும் கட்டிவிட்டோம்.

ஒரு திருத்தம்: வெற்றிக்கு 17 வழங்கல் மையங்கள் (வரைபடத்தில் கைப்பற்ற வேண்டிய குறியிட்ட இடங்கள்) போதும் என்று நான் எழுதியது தவறு. மொத்தமுள்ள 34-இல் 18 வேண்டும் என்று சுட்டிக்காட்டிய அண்ணனுக்கு நன்றி.

புதிய பதிப்பில் நான் மிகவும் எதிர்பார்ப்பது வரைபடத்தைத்தான். ஸ்பெயின், பல்கேரியா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகிய மூன்றுக்கும் இரண்டிரண்டு கடற்கரைகள் உண்டு; அங்கே செல்லும் கப்பற்படை எந்தக் கரையில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே அதன் அடுத்த நகர்வு அமையும். எங்கள் பழைய பலகையில் அந்தக் கரைகளைப் பிரித்துக் காட்டும் கோடுகள் தேய்ந்து அழிந்துவிட்டதால், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஞாயிறுதோறும் கூடும் நாங்கள் எழுவரும் ஒருமுறை அரைமணி நேரம் வாதிட வேண்டியதாயிற்று. பகடையே இல்லாத, அனைவரும் கட்டளைகளை மறைவாக எழுதி ஒரே நேரத்தில் வெளிப்படுத்தும் விளையாட்டில் இத்தகைய ஐயத்துக்கு இடமிருக்கக் கூடாது.

அந்தக் கட்டளைகளை நாங்கள் தமிழிலேயே எழுதுகிறோம். தரைப்படைக்குத் 'த', கப்பற்படைக்குக் 'க'. எழுத்துப் பழகிவரும் இளையவர் இருவருக்கு இது நல்ல பயிற்சியாகவும் இருக்கிறது.

1959-இல் இதை உருவாக்கிய ஆலன் கல்ஹாமர் தாமே 500 படிகள் அச்சிட்டு வெளியிட்ட விளையாட்டின் அடிப்படை மாறாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். பெட்டி வந்ததும் அந்த மூன்று இடங்களின் கடற்கரைகளையும் படமெடுத்து இடுகிறேன்.