வளவில் கிளம்பிய மட்பாண்ட ஓடுகள்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் எங்கட பெரியம்மாவின் வளவில் மலசலகூடக் குழி வெட்டும்போது இடுப்பளவு ஆழத்தில் பானை ஓடுகள் கிளம்பின. வெட்டுறதை உடனே நிறுத்திப்போட்டம்.

ஒரு துண்டு மட்டும் என்னை விடுகுதில்லை. விளிம்போடு சேர்ந்த துண்டு. உள்பக்கமும் வாய்ப்பகுதியும் நல்ல கறுப்பு, வெளியே கீழ்ப்பக்கம் சிவப்பு. இலங்கையில் பொம்பரிப்பு, கந்தரோடை, அநுராதபுரம் போன்ற தொல்லியல் இடங்களில் கிடைத்த, கறுப்பு-சிவப்புப் பாண்டம் என்கிற பழங்கால மட்பாண்டமும் இந்த மாதிரித்தான். சூளையில் கவிழ்த்து அடுக்கினால் உள்ளே காற்றுப் போகாமல் கறுக்கும், காற்றுப்பட்ட வெளிப்பக்கம் சிவக்கும் என்பார்கள். ஆனால் நிறத்தை மட்டும் வைத்துக் காலம் சொல்ல ஏலாது.

இன்னொரு துண்டின் அடியில் கரி அப்பிக் கிடக்கு. அடுப்பில் ஏறின சட்டியாக இருக்கவேணும். ஆரோ ஒரு அம்மா சமைத்த சட்டி! அரச கல்வெட்டுகளைவிட எனக்கு இதுதான் பெரிசு. உள்ளே ஒட்டியிருப்பதில் என்ன சமைத்தார்கள் என்ற தடயம் இருக்கலாம் என்பதால் ஒன்றையும் கழுவவில்லை.

தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவிக்கப் போறம். அதுக்கு முன்னம் கேட்கிறன்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அறிவித்த அனுபவம் உள்ளவர்கள் நடைமுறையைச் சொல்லுங்கோ. விளிம்புத் துண்டை அளவோடு படம் வரையத் தெரிந்த தொல்லியல் மாணவர்கள் யாரும் இருக்கிறீர்களா? மழைக்கு முதல் குழியை எப்படி மூடி வைப்பது? படங்கள் கீழே போடுறன். ஊர்ப்பெயரைக் கேட்காதீங்கோ, புதையல் தோண்டுறவங்கள் வந்திடுவாங்கள்.