ஸ்போக்ஸ் கம்பி ஒடிவதும் சக்கரக் கோட்டமும்: என் அனுபவம்

கம்பிச் சக்கரம் உள்ள மோட்டார் சைக்கிள்களைப் பல ஆண்டுகளாக ஓட்டியும் பராமரித்தும் வருகிறேன். கம்பி ஒடிந்துவிட்டால் பெரும்பாலானோர் கடைசியாக விழுந்த பள்ளத்தையே குறை சொல்கிறார்கள். ஆனால் நான் கழற்றிப் பார்த்தவற்றில் பெரும்பாலான கம்பிகள் நடுவில் ஒடியவில்லை. ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) துளைக்குள் நுழையும் வளைவில்தான் ஒடிந்திருந்தன. அந்த வளைவு திடீரென ஒடிவதில்லை, நெடுநாள் தளர்ந்து கிடந்த பிறகே ஒடிகிறது என்பது என் உறுதியான கருத்து.

காரணம் எளிது. ஒவ்வொரு கம்பியும் இறுக்கி இழுக்கப்பட்ட நிலையில் இருந்தே ரிம்மை (டயர் பொருந்தும் வெளிவளையம்) ஹப்புடன் பிணைத்து வைத்திருக்கிறது. சக்கரம் சுழலும்போது, தரைப்பக்கம் வரும் கம்பியில் அந்த இழுவிசை சற்றுக் குறைந்து, அது மேலே ஏறியதும் பழைய அளவுக்குத் திரும்புகிறது. கம்பி முறையாக இறுகியிருந்தால் இந்த ஏற்ற இறக்கம் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. தளர்ந்த கம்பியிலோ இழுவிசை ஒவ்வொரு சுற்றிலும் அறவே இல்லாமல் போய், வளைந்த தலைப்பகுதி துளைக்குள் அசையத் தொடங்குகிறது. அந்த அசைவே நாளடைவில் கண்ணுக்குத் தெரியாத விரிசலாகி, ஒருநாள் கம்பியை முறித்துவிடுகிறது.

இதை எனக்குத் தெளிவாகக் காட்டியது நண்பர் ஒருவரின் வண்டி. சுமையுடன் சென்ற நீண்ட பயணத்தில் பின்சக்கரத்திலிருந்து மெல்லிய 'டிக் டிக்' ஓசை வந்தது. நிறுத்திப் பார்த்தபோது சங்கிலிப் பக்கத்தில் ஒரு கம்பி ஒடிந்து தொங்கியது. அது சங்கிலியில் சிக்கினால் பெரும் ஆபத்து என்பதால், பக்கத்துக் கம்பியோடு சேர்த்து மெல்லிய கம்பியால் கட்டிவிட்டு மெதுவாக ஓட்டிச் சென்றோம். பணிமனையில் அந்த ஒரு கம்பியை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள், மற்றவற்றைத் தொடவே இல்லை. சில வாரங்களுக்குள் அதே பக்கத்தில் மேலும் இரண்டு கம்பிகள் ஒடிந்தன. ஒரு கம்பி களைத்து ஒடியும்போது, அதே காலம் அதே சுமையைத் தாங்கிய மற்றவையும் பெரும்பாலும் களைத்தே இருக்கும்; அதனால் இரண்டாவது கம்பி ஒடிந்ததுமே முழுச் செட்டையும் மாற்றிவிடுவதே சரி என்று நினைக்கிறேன்.

பிறகு அந்தச் சக்கரத்தைப் புதுக் கம்பிகளால் மீண்டும் கட்டிய முதியவரின் வேலையை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. கம்பிகளை அவிழ்ப்பதற்கு முன்பே, ஹப்பின் விளிம்பிலிருந்து ரிம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அவர் அளந்து குறித்துக்கொண்டார். அந்த அளவு தவறினால் சக்கரம் நேராகச் சுழன்றாலும் வண்டியின் நடுக்கோட்டில் நிற்காது. ஹப் விளிம்பின் உள்பக்கமாகச் செல்லும் உள்கம்பிகளையும் வெளிப்பக்கமாகச் செல்லும் வெளிக்கம்பிகளையும் தனித்தனியே வைத்தார், ஏனெனில் அவற்றின் வளைவுக் கோணம் வேறு. எல்லா நிப்பிள்களையும் (கம்பி முனையை ரிம்மில் பிடித்து இறுக்கும் மரைகள்) ஒரே அளவு மரை ஏறும்வரை திருகிய பிறகே இறுக்கத் தொடங்கி, முதலில் மேல்-கீழ்த் துள்ளலையும் அடுத்து பக்கவாட்டுக் கோட்டத்தையும் எடுத்தார். பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் இரண்டுக்கும் 2 மி.மீ. வரை அனுமதிக்கின்றன; அவர் 1 மி.மீ.க்கும் கீழே கொண்டுவரும்வரை ஓயவில்லை. ரிம்முக்கு மேல் நீட்டிய கம்பி முனைகளை அரத்தால் ராவிவிட்டு, கம்பி முனைகள் டியூபில் படாமல் ரிம்மின் உள்ளே சுற்றும் ரிம் டேப்பையும் புதிதாகப் போட்டார். டியூப் உள்ள சக்கரத்தில் இந்த ஒரு வேலையை விட்டால் பஞ்சர் நிச்சயம். புதுக் கம்பிகள் தம் இடத்தில் படிந்து சற்றுத் தளரும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் கொண்டுவரச் சொன்னார்.

அன்றிலிருந்து வண்டியைக் கழுவும்போதெல்லாம் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, சிறிய ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பார்க்கிறேன். இறுகிய கம்பி தெளிவாக ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாகச் சத்தமிடும். உள்கம்பிக்கும் வெளிக்கம்பிக்கும் ஒலி சற்று வேறுபடலாம் என்பதால் ஒரே வகையோடுதான் ஒப்பிட வேண்டும். இறுக்குவதற்கு முன் நிப்பிள் மரையில் ஊடுருவும் எண்ணெய் விட்டுக் காத்திருப்பேன். சரியான ஸ்போக் சாவியால் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்புவதில்லை. பொதுவாகப் பல கம்பிகள் தளர்ந்திருந்தால் அடுத்தடுத்த கம்பிகளைத் தொடாமல் இரண்டு விட்டு மூன்றாவதை இறுக்கிக்கொண்டே சுற்றி வருவேன். குறடு பயன்படுத்தினால் நிப்பிளின் முனைகள் மழுங்கி, அடுத்த முறை சாவியே பிடிக்காது. அளவுக்கு மீறி இறுக்குவதும் கேடுதான். மரை அறுந்துபோகும், ரிம்மில் நிப்பிள் துளையைச் சுற்றி விரிசல் விழும்.

நீண்ட பயணங்களில் என் சக்கரங்களுக்கு உரிய உள்கம்பியும் வெளிக்கம்பியும் சில உடன் கொண்டுசெல்கிறேன். வளைவில் ஒடிந்த கம்பியின் நிப்பிள் ரிம்மிலேயே இருப்பதால், ஸ்பிராக்கெட்டோ (சங்கிலி ஓடும் பற்சக்கரம்) பிரேக் டிஸ்கோ வழிமறித்தால் அதைக் கழற்றிவிட்டு, டயரைப் பிரிக்காமலே புதுக் கம்பியை அதே நிப்பிளில் ஏற்றிவிட முடியும். நீளம் மட்டும் பழைய கம்பிக்குச் சரியாக ஒத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முனை உள்ளே நீண்டு டியூபைக் குத்திவிடும்.