புதுப்பிப்பு: பெரிய பல்கலைக்கழகப் பட்டம், விட்டுப்போன வட்டிக் கணக்கு

பெயர்பெற்ற பல்கலைக்கழகத்துக்குக் கூடுதலாகச் செலவழிப்பது தகுமா என்ற முந்தைய இழையில் கட்டணத்தை மட்டுமே ஒப்பிட்டிருந்தேன். படிக்கும்போதே ஏறும் வட்டி விட்டுப்போச்சு.

ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் 100 ரூபாய் வீதம் 4 முறை கடன், 10% கூட்டு வட்டி, படிப்பு முடியும்வரை எதுவும் கட்டவில்லை என்று வையுங்கள். முதலாண்டு வாங்கிய 100 மட்டுமே 146 ஆகிவிடும். மொத்தக் கடன் 400 இல்லை, 510. அதை 10 ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 6.75, கட்டி முடிக்கும்போது 810. வாங்கியதைப் போல இரண்டு மடங்கு!

உதவித்தொகை முதலாண்டுக்கு மட்டுமா, மதிப்பெண் குறைந்தால் நிற்குமா என்று அனுமதிக் கடிதத்தில் பாருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்.

சம்பளம் கூடுமே என்பவர்களுக்கு: ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் 2002-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் சாதாரணக் கல்லூரிக்குப் போனவர்கள் ஏறக்குறைய அதே அளவு சம்பாதித்தார்கள். வசதி குறைந்த குடும்பத்து மாணவர்கள்தான் விதிவிலக்கு. அவர்களுக்குப் பெரிய கல்லூரி பலன் தந்தது.