கல்மண்டபம் வீடு குழு: வளைகாப்புக்கு முந்தின சாயந்திரம்

லோகு சித்தப்பா: எல்லாரும் ஜன்னல சாத்துங்க. எண்ணூர்ல திரும்பவும் கேஸ் லீக்காம். இங்க வீட்டு வரைக்கும் நெடி வருது

லோகு சித்தப்பா (ஃபார்வர்டு): அவசரம்!! அமோனியம் வாயு கசிவு!! வடசென்னை மக்கள் முகத்தில் ஈரத்துணி கட்டவும். அனைவருக்கும் பகிரவும் 🙏🙏

சுமதி சித்தி: ஐயோ

ஜெகன்: திருவொற்றியூர்ல ஒண்ணும் வரலயே சித்தப்பா. எண்ணூர்னா எங்களத் தாண்டித்தான உங்களுக்கு வரணும்

கற்பகம் அத்தை: 2023 டிசம்பர்ல இப்டித்தான். பெரியகுப்பத்துல என் நாத்தனார் நடு ராத்திரி புள்ளைங்கள தூக்கினு ஓடியாந்தா

ஜெகன்: டிசம்பர் 26

லோகு சித்தப்பா: ரேவதிக்கு கண்ணு எரியுதாம், இருமிக்கினே இருக்குது

பெரியப்பா: லோகு, நெடி எப்படி இருக்கு? கழுவாத மூத்திரச் சந்து நெடியா, மெட்ரோ தண்ணியில மருந்து தூக்கலா வர்ற நெடியா?

லோகு சித்தப்பா: மருந்து நெடிதாண்ணே

பெரியப்பா: அப்போ அமோனியா இல்ல. முதல்ல ஒண்ணு, அமோனியம்னு ஒரு வாயுவே கிடையாது. வாயு அமோனியா, என்ஹெச்3. அமோனியம்ங்கறது என்ஹெச்4, பிளஸ் சார்ஜ் ஒண்ணு ஏறின அயனி. குளோரைடோ சல்பேட்டோ கூட இருந்தாத்தான் அது நிக்கும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவர் வச்சிருப்பாரே நவச்சாரம், அது அமோனியம் குளோரைடு, என்ஹெச்4சிஎல்

சுமதி சித்தி: மாமா இப்ப பாடமா

பெரியப்பா: வீட்ல யார் என்ன கழுவுறீங்க?

தனம் சித்தி: நான்தான் மாமா. மாடிப்படிக்குக் கீழ பாத்ரூம். சம்மந்தி வீட்ல வராங்கல்ல

பெரியப்பா: என்ன போட்ட?

தனம் சித்தி: பிளீச்சிங் பவுடர்

பெரியப்பா: அதுக்கு மேல?

தனம் சித்தி: மஞ்சக் கறை போவல. கொஞ்சமா ஆசிட் ஊத்துனேன். புஸ்ஸுனு பொங்குச்சு

பெரியப்பா: வெளிய வா தனம். இப்பவே. பக்கெட்ட எடுக்காத, மேல எதுவும் ஊத்தாத

பெரியப்பா: லோகு, சாத்துன ஜன்னல் எல்லாத்தையும் திற. ரேவதிய வெளிய கூட்டிட்டுப் போ. திண்ணையில உக்கார வைக்காத, எதிர் வீட்டு மொட்டை மாடிக்குப் போங்க

லோகு சித்தப்பா: போறோம்

கற்பகம் அத்தை: அண்ணே என்னா ஆச்சு சொல்லுங்க, பயமா இருக்கு

பெரியப்பா: பிளீச்சிங் பவுடர் சிஏஓசிஎல்2. கடையில விக்கிற ஆசிட் ஹைட்ரோகுளோரிக் ஆசிட், ஹெச்சிஎல். ரெண்டும் சேந்தா கால்சியம் குளோரைடு, தண்ணி, அதோட குளோரின் வாயு, சிஎல்2. லீக் எண்ணூர்ல இல்ல, நம்ம பாத்ரூம்ல. குளோரின் காத்தவிட ரெண்டரை மடங்கு கனம். சிஎல்2வோட மூலக்கூறு எடை 71, காத்து சராசரியா 29. அதனால தரையோட தங்கும். படிக்குக் கீழ ஜன்னல் இல்லாத ரூம்னா கேக்கவே வேணாம். அதான் மாடிக்குப் போகச் சொன்னேன்

ஜெகன்: லோகு சித்தப்பா அந்த ஃபார்வர்ட டெலீட் பண்ணுங்க

லோகு சித்தப்பா: தெரு குரூப்ல போட்டாச்சுடா

சுமதி சித்தி: 🤦🏽‍♀️

பெரியப்பா: தெரு குரூப்லயும் திருத்திப் போடு. 2023ல நெஜமாவே ஓடுன ஜனம், சும்மா பயமுறுத்தக் கூடாது. ரேவதி எப்படி இருக்கு?

ரேவதி அண்ணி: மாடில இருக்கேன் பெரிய மாமா. இருமல் கொறஞ்சிடுச்சு. அத்தைக்குத்தான் கண்ணு செவந்திருக்கு

பெரியப்பா: தனம், வெறும் தண்ணியில கண்ண நல்லா கழுவு, கால் மணி நேரம். மூச்சு இழுத்தா, நெஞ்சு அடைச்சா யோசிக்காம ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரேவதியையும் இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க, வயித்துல புள்ள இருக்கு

கற்பகம் அத்தை: ஒருத்தியே கெடந்து கழுவுனா இப்டித்தான். என்ன ஒரு வார்த்த கூப்ட்டாளா? காதுகுத்துக்கும் இதே கததான்

தனம் சித்தி: அண்ணி ப்ளீஸ். இப்ப வேணாம்

சுமதி சித்தி: சேர் யார் சொல்றீங்க

தர்ஷினி: பெரியப்பா, எங்க டென்த் புக்குல கால்சியம் ஆக்ஸிகுளோரைடுன்னு இருக்கு. வீட்டு டப்பால கால்சியம் ஹைப்போகுளோரைட்டு. எது சரி? திங்கக்கிழமை டெஸ்ட்

பெரியப்பா: நல்ல கேள்விம்மா. பரீட்சையில புக்குல உள்ளத எழுது, சிஏஓசிஎல்2. உண்மையில அந்தத் தூள் ஒரு கலவை. அதுல வேலை செய்யறது ஹைப்போகுளோரைட்டு. ஓ, அதாவது ஆக்ஸிஜன், எத்தனைன்னு பாத்தாலே பேரு வந்துடும். என்ஏசிஎல், ஓ இல்ல, சோடியம் குளோரைடு, சோத்து உப்பு. ஒரு ஓ வந்தா ஹைப்போகுளோரைட்டு, துணி வெளுக்கறது. ரெண்டு ஓ குளோரைட்டு. மூணு குளோரேட்டு. நாலு பெர்குளோரேட்டு. இந்த வரிசையில "டு"ல முடிஞ்சா ஆக்ஸிஜன் இல்ல, "ட்டு"னா இருக்கு. இந்த ஒரு எழுத்த கவனிக்காமத்தான் பாதிப் பேருக்கு மார்க் போகுது

சுமதி சித்தி: 1787க்குப் போயிடாதீங்க மாமா

பெரியப்பா: போகத்தான் வேணும் சுமதி. அந்த வருஷம் பாரிஸ்ல வேதியியல் விஞ்ஞானிங்க லவாய்சியே, கிட்டான் த மொர்வோ, இன்னும் ரெண்டு பேர் சேந்து பேரு வைக்கற முறைய எழுதலன்னா, ஒரே சரக்குக்கு ஊருக்கு ஒரு பேரு இருந்திருக்கும். பேரப் பாத்து உள்ள என்ன இருக்குன்னு தெரியணும், அதான் அவங்க நெனச்சது. தனத்துக்கு டப்பாவும் பாட்டிலும் என்னன்னு தெரிஞ்சிருந்தா ஊத்தியிருப்பாளா?

தனம் சித்தி: ரெண்டும் கழுவற சாமான்தானன்னு ஊத்திட்டேன் மாமா

பெரியப்பா: உன்ன சொல்லலம்மா. எழுத்து அவ்ளோ பொடிசா போட்டா யார் படிப்பா

தர்ஷினி: அண்ணி சாப்டற இரும்பு மாத்திரையில ஃபெரஸ் சல்பேட்னு இருக்கு. எஃப்ஈஎஸ்ஓ4 தான?

பெரியப்பா: ஆமா. ஃபெரஸ்னா இரும்புக்கு சார்ஜ் பிளஸ் 2, சல்பேட்டுக்கு மைனஸ் 2, அடிச்சுடலாம். ஃபெரிக்னா 3. அப்போ மாத்திப் போடு, எஃப்ஈ 2, சல்பேட் 3. சல்பேட்டுக்கு அடைப்புக்குறி போட்டு வெளிய 3. அடைப்புக்குறிய விட்டா ஆக்ஸிஜன் கணக்கே வேற

ரேவதி அண்ணி: அந்த மாத்திர குமட்டுது பெரிய மாமா

கற்பகம் அத்தை: சாப்டுட்டு போட்டுக்க கண்ணு. நான் வரேன், நெல்லிக்கா எடுத்தாரேன்

தனம் சித்தி: வாங்க அண்ணி

ஜெகன்: நான் கெளம்பிட்டேன். பாத்ரூம் என்ன பண்றது?

பெரியப்பா: நெடி சுத்தமா அடங்கட்டும். அப்புறம் வாசப்படியில நின்னே ஹோஸ்ல நெறைய தண்ணி அடி. கறை இருந்தா இருக்கட்டும். இனிமே ஒண்ணு போட்டா இன்னொண்ணு கிடையாது. அமோனியா கலந்த கிளீனரையும் பிளீச்சோட சேக்கக் கூடாது, அதுல குளோரமீன்னு இன்னொரு விஷ வாயு வரும்

தனம் சித்தி: சம்மந்தி வந்து அந்தக் கறையப் பாத்தா?

சுமதி சித்தி: மாடி பாத்ரூம் காட்டு

லோகு சித்தப்பா: மாடில பைப் வேலை செய்யல

ஜெகன்: இத முன்னாடியே சொல்லக் கூடாதா சித்தப்பா

சுமதி சித்தி: கலந்த சாதம் எத்தன வகை? புளி, தேங்கா ரெண்டு போதுமா

கற்பகம் அத்தை: ஒத்தப்படைல வைங்க. அஞ்சாவது வேணும்

ஜெகன்: பீச் ஸ்டேஷன் பக்கத்துலேந்து அத்தோ வண்டி, அதான் பர்மா நூடுல்ஸ், ஒண்ணு சொல்லவா

கற்பகம் அத்தை: வளைகாப்புக்கு அத்தோவா டேய்

ரேவதி அண்ணி: எனக்கு ஓகே 🙋🏽‍♀️

லோகு சித்தப்பா: தெரு குரூப்ல திருத்திப் போட்டேண்ணே. ஒருத்தரும் நம்பல, எல்லாம் துணி கட்டினு நிக்கறாங்க

பெரியப்பா: நானே வந்து சொல்றேன், ஷேர் ஆட்டோ ஏறிட்டேன்

சுமதி சித்தி: சேர் 40ஆ 60ஆ. யாராவது சொல்லுங்க, கடைக்காரர் லைன்ல இருக்காரு