செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏடிபி சிந்தேஸைத் தடுத்தால் நுரையீரல் புற்றுநோயின் வளர்ச்சி குறையுமா?

கேள்வி:
செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி (அடினோசின் டிரைபாஸ்பேட்) என்னும் மூலக்கூறை உருவாக்கும் நொதியான ஏடிபி சிந்தேஸ், செல்லுக்குள் உள்ள மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் இருப்பதாகத்தான் பாடநூலில் படித்தேன். நுரையீரல் புற்றுநோய்ச் செல்களின் வெளிச்சவ்விலும் அந்நொதி இருக்கிறது, அதைத் தடுத்தால் கட்டியின் வளர்ச்சி மட்டுப்படுகிறது என்று அண்மையில் அறிந்தேன். செத்த செல்களிலிருந்து சிதறிய மைட்டோகாண்ட்ரியத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டதைத் தவறாகப் புரிந்துகொண்டார்களோ? மேலும், எல்லாச் செல்களுக்கும் உயிர்நாடியான நொதியைத் தடுப்பது நோயாளிக்கே கேடாகாதா?

பதில் 1:
உங்கள் ஐயம் நியாயமானதே. சவ்வைத் துளைக்காமல், உயிருள்ள செல்களின் மீது, இந்நொதியில் மட்டும் ஒட்டும் ஒளிரும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) இடுவார்கள். அது உள்ளே நுழைய இயலாது என்பதால், விளிம்பில் மட்டும் மெல்லிய ஒளிவளையம் தெரிந்தால் நொதி வெளியில் இருப்பதாகக் கொள்ளலாம். ஆனால் அது இருப்பிடத்தைத்தான் காட்டும், வேலையைக் காட்டாது. ஆகவே அடினோசின் டைபாஸ்பேட்டை வெளியிலிருந்து சேர்த்து, சுற்றியுள்ள திரவத்தில் டிரைபாஸ்பேட் உருவாகிறதா என்று டிரைபாஸ்பேட் இருந்தால் ஒளியை உண்டாக்கும் மின்மினிப்பூச்சி நொதியான லூசிஃபெரேஸைக் கொண்டு அளக்கிறார்கள். (தமிழில் இரண்டின் சுருக்கமும் ஒன்றாகிவிடுவதால் விரித்து எழுத வேண்டியிருக்கிறது.) அடினைலேட் கைனேஸ் என்னும் வேறொரு நொதியும் இதே வேலையைச் செய்யக்கூடியது என்பதால், சிந்தேஸுக்குரிய தடுப்பானை இட்டதும் ஒளி குறைகிறதா என்று பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

பதில் 2:
இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். 2012இல் தைவான் ஆய்வாளர்கள் சிட்ரியோவிரிடின் என்னும் தடுப்பானைக் கொண்டு நுரையீரல் புற்றுநோயின் ஒரு வகையான அடினோகார்சினோமாவின் வளர்ச்சியை எலிகளில் குறைத்துக் காட்டினர். மடிப்புக் குலைந்த புரதங்கள் தேங்கும்போது செல் எழுப்பும் நெருக்கடி எதிர்வினை தூண்டப்பட்டதே அதற்குக் காரணம் என்றனர். ஆயினும் சிட்ரியோவிரிடின் மஞ்சள் பூத்த அரிசியில் வளரும் பூஞ்சையின் நஞ்சு. ஜப்பானில் இதயத்தைத் தாக்கிய பெரிபெரி நோயோடு தொடர்புபடுத்தப்பட்டது. செல்லுக்குள் புகுந்து மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள நொதியையும் தடுக்கவல்ல பொருளை மருந்தாக்குவதில் எனக்கு நம்பிக்கையில்லை. உள்ளே நுழையாத எதிர்ப்பொருளே பொருத்தமான வழி.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் எதிர்ப்பொருள் புற்றுச் செல்களை மட்டும் தாக்கும் என்று கொள்ளலாமா?

பதில் 2:
கொள்ள முடியாது. இரத்தக்குழாய்களின் உட்சுவர்ச் செல்களிலும் இந்நொதி உண்டு. புதிய இரத்தக்குழாய்கள் முளைப்பதைத் தடுக்கும் புரதமான ஆஞ்சியோஸ்டாட்டின் அதில்தான் பிணைகிறது என்பது 1999இலேயே தெரிந்தது. புதிய குழாய்கள் முளைப்பதைத் தடுத்தால் கட்டிக்குக் கேடுதான் என்றாலும், நலமான குழாய்களுக்கு என்ன நேரும் என்பதைத் தனியே சோதித்தாக வேண்டும்.

பதில் 3:
வெளியில் சேரும் ஏடிபியை எரிபொருளாக மட்டும் பார்க்கக் கூடாது. சிடி39, சிடி73 என்னும் மேற்பரப்பு நொதிகள் அதைப் படிப்படியாக அடினோசினாக மாற்றுகின்றன. அடினோசின், நோயெதிர்ப்பு அணுக்களான டி செல்களை அடக்கிக் கட்டிக்குக் காவலாகிறது. சிடி73ஐத் தடுக்கும் ஓலெக்ளூமாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்து, துர்வாலுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்துடன் சேர்த்து மூன்றாம் நிலை நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் ஏற்கெனவே சோதிக்கப்பட்டிருக்கிறது. சிந்தேஸைத் தடுக்கும் வழியோ இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை.