‘போல’ வந்துவிட்டால் உவமைதானா?

செம்பூர் அம்மா:
மகள் ஏழாம் வகுப்பு. பள்ளியில் மராத்தி, இந்தி, ஆங்கிலம். தமிழை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ‘போல’ வந்தால் உவமை, வராவிட்டால் உருவகம் என்று சொல்லி வைத்திருந்தேன். நேற்று அது பொய்த்துவிட்டது. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில் கொடிகள் “வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட” என்று வருகிறதே, அந்த இடம். “அதுதான் ‘போல்’ இருக்கிறதே அம்மா, உவமை” என்றாள். தற்குறிப்பேற்ற அணி என்பது எனக்குத் தெரியும். ஏன் என்று விளக்க வாய் வரவில்லை. அவளிடம் தவறாகச் சொல்லிவிடக் கூடாது என்று மனம் அடித்துக்கொள்கிறது.

மாட்டுங்கா தமிழாசிரியர்:
அம்மா, ‘போல’ போன்ற உவம உருபைத் தேடும் பழக்கத்தை முதலில் விடச் சொல்லுங்கள். கொடி காற்றில் அசைகிறது, அது இயல்பு. உள்ளே போனால் கோவலன் உயிரோடு திரும்பமாட்டான் என்பது இளங்கோவுக்குத் தெரியும். அந்தத் தவிப்பைக் கொடியின் அசைவில் ஏற்றி, ‘வராதே’ என்று கை காட்ட வைக்கிறார். இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றுவதால் தற்குறிப்பேற்றம். எத்தனை முறை பாடம் நடத்தினாலும் அந்த வரியில் எனக்குக் குரல் கம்மும்.

உருபே இல்லாத உவமையும் உண்டு. “அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு.” ‘அதுபோல’ என்பதை நாம்தான் இடையில் வைத்துப் படிக்கிறோம், எடுத்துக்காட்டு உவமை. மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம், அங்கே உருபு மறைந்து நிற்கிறது. அதையே முகமலர் என்று திருப்பிப் போட்டால் முகமே மலராகிவிடுகிறது. அதுதான் உருவகம்.

டோம்பிவிலி வாசகி:
அக்கா, உங்கள் மகளுக்கு இது பாதி தெரிந்திருக்கும். மராத்தி இலக்கணத்தில் உபமா, ரூபக், உத்பிரேக்ஷா என்று மூன்று அலங்காரங்கள் உண்டு. நம் தற்குறிப்பேற்றம் அந்த உத்பிரேக்ஷாதான். தமிழின் அணியிலக்கண நூலான தண்டியலங்காரமே வடமொழிக் காவியாதர்சத்தைத் தழுவியதுதானே. உபமாவுக்கு ‘ஸாரகா’, உத்பிரேக்ஷாவுக்கு ‘ஜணு’ என்று மராத்தியில் சொல்லே வேறு. தமிழில் இரண்டுக்கும் ‘போல’ வருவதால்தான் குழப்பம்.

செம்பூர் அம்மா:
ஐயா, தங்கச்சி, இருவருக்கும் நன்றி. ‘ஜணு’ என்று சொன்னதும் அவள் முகம் தெளிந்துவிட்டது. போன மழைக்காலத்தில் மும்பை மரைன் டிரைவ் கடற்கரைச் சாலையில் அலை சுவரைத் தாண்டி எங்களை நனைத்தது. அதை நினைவில் வைத்துக்கொண்டு அவளே எழுதினாள்: “என் இடத்தை ஏன் எடுத்துக்கொண்டாய் என்று கேட்பதுபோல் கடல் சுவரை அறைந்தது.” அடியில் தற்குறிப்பேற்றம் என்று குறித்திருக்கிறாள். ஐயா, சரிதானே?

மாட்டுங்கா தமிழாசிரியர்:
சரிதான் அம்மா. அடுத்து குறுந்தொகையின் “செம்புலப் பெயல்நீர் போல” என்பதைக் கொடுங்கள். எது ஒப்புமை, சிவப்பு நிறமா, கலத்தலா என்று கேளுங்கள்.