லண்டனுக்குக் கிளம்புகிறவர்களே, வீடு பார்க்க முதல் இதை வாசியுங்கள்

விசா வந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "அங்கே எங்கட ஆக்கள் எங்கே இருக்கினம்?" என்பதுதான். ஈஸ்ற்ஹாமில் பெரியம்மாவின் மகன் இருப்பார், ஹரோவில் மாமா இருப்பார், மிச்சம் (Mitcham) என்ற ஏரியாவில் ஊர்க்காரர் ஒருவர் இருப்பார். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அறை பார்த்து வைக்கச் சொல்லி வட்ஸ்அப்பில் செய்தி போய்விடும். முதல் சில வாரங்கள் தங்குவதற்கு அது நல்ல ஏற்பாடு. சொந்தம் சொந்தம்தான், ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும். ஆனால் நிரந்தரமாக வீடு எடுக்கும்போது அந்தக் கணக்கில் எடுக்காதீர்கள்.

லண்டனில் நீண்ட காலம் இருந்துவிட்டு இப்போது கோண்டாவிலில் இருக்கிறேன். போகப் போகிற பிள்ளைகள் வந்து கேட்பதால், எல்லோருக்கும் சொல்வதை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

நான் முதலில் கேட்பது இரண்டுதான். வேலையிடத்தின் போஸ்ற்கோட் என்ன? ஷிஃப்ட் எத்தனை மணிக்குத் தொடங்கும்? இது தெரியாமல் எந்த ஏரியா நல்லது என்று யாராலும் சொல்ல முடியாது.

காரணம் இதுதான். லண்டனின் ரயில் பாதைகளில் பெரும்பாலானவை புறநகரிலிருந்து நகரின் நடுவுக்குப் போகிறவை. நடுவில் அலுவலக வேலை என்றால் எந்தப் பக்கத்துப் புறநகரும் ஏதோ ஒரு வகையில் சரிவரும். ஆனால் புதிதாகப் போகிற நம் பிள்ளைகளில் அதிகம் பேர் நடுவில் வேலை செய்வதில்லை. ஆஸ்பத்திரி, முதியோர் பராமரிப்பு இல்லம், ஹீத்ரோ, களஞ்சியம், பெற்றோல் ஷெட் என்று வேலையிடமும் ஒரு புறநகரிலேயே இருக்கும். ஒரு புறநகரிலிருந்து இன்னொன்றுக்குப் போவதுதான் லண்டனில் கஷ்டமான பயணம்.

ஒரு உதாரணம். சுன்னாகத்துப் பிள்ளை ஒருவருக்கு வடமேற்கு லண்டனில் இருக்கும் நோர்த்விக் பார்க் ஆஸ்பத்திரியில் தாதி வேலை. சொந்தக்காரர் கிழக்கே ஈஸ்ற்ஹாமில் நல்ல அறை ஒன்று பார்த்து வைத்திருந்தார்கள். வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தோம். ஈஸ்ற்ஹாமில் ஹமர்ஸ்மித் அன்ட் சிற்றி ரயிலில் ஏறி, நகரின் நடுவைக் கடந்து, பேக்கர் ஸ்ட்ரீற்றில் இறங்கி, மெற்றோபொலிற்றன் லைனுக்கு மாற வேண்டும். ரயிலில் மட்டும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். இரண்டு பக்க நடையும் காத்திருப்பும் தனி. காலை ஏழரைக்குத் தொடங்கி இரவு எட்டு மணி மட்டும் போகும் நீண்ட ஷிஃப்டுக்கு அவர் ஆறு மணிக்கு முதலே வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும். திரும்பி வர ஒன்பதரை ஆகும். சமைப்பது எப்போது, நித்திரை கொள்வது எப்போது? அதே வாடகைக்கு கென்ரனிலோ வெம்பிளியிலோ ஒரு சின்ன அறை எடுத்தால் பஸ்ஸிலேயே போய்விடலாம். அறை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, அதைத்தான் எடுக்கச் சொன்னேன்.

பருத்தித்துறையிலிருந்து 750 பஸ்ஸில் பட்டணத்துக்கு வந்து படித்தவர்களுக்கு ஒரு மணித்தியாலப் பயணம் பெரிதாகத் தெரியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் 750இல் ஏறினால் ஏறினதுதான், இறங்குமிடம் தானாக வரும். லண்டனில் இரண்டு இடத்தில் மாறினால், ஒவ்வொரு மாற்றமும் பிந்துவதற்கு ஒரு சந்தர்ப்பம். அதனால் மாறாமல் போகிற ஐம்பது நிமிடம், இரண்டு முறை மாறுகிற நாற்பது நிமிடத்தைவிட நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

நேரத்தை எப்படிக் கணக்கிடுவது என்றும் சொல்கிறேன். வீட்டு விளம்பரத்தில் "நடுவுக்கு 20 நிமிடம்" என்று போட்டிருப்பார்கள். அது ரயில் ஓடுகிற நேரம். நீங்கள் பார்க்க வேண்டியது வாசலிலிருந்து வாசலுக்கு எடுக்கும் நேரம். லண்டன் போக்குவரத்துத் துறையின் (TfL) பயணத் திட்டப் பக்கத்தில், வீட்டு போஸ்ற்கோட்டையும் வேலை போஸ்ற்கோட்டையும் போட்டு, "இத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்" என்பதைத் தெரிவுசெய்து பாருங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே பார்க்கலாம். திங்கட்கிழமைக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை காலைக்கு ஒரு தடவை. ஞாயிறு முதல் ரயில் பிந்தித்தான் வெளிக்கிடும். பாதை திருத்த வேலைகளும் அனேகமாக வார இறுதியில்தான். ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் ஞாயிறும் வேலைநாள்தானே.

ஹீத்ரோ வேலைக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். விடியப்புறம் நாலரை மணி ஷிஃப்டுக்கு ரியூப் (நிலத்தடி ரயில்) ஓடாது. இரவு முழுக்க ஓடும் ரியூப் சில லைன்களில் மட்டும், அதுவும் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும்தான். மற்ற நாள்களில் பஸ்தான் கதி. ஹவுன்ஸ்லோவில் இருந்தால் இரவு பஸ் என்9 இருக்கிறது, கிங்ஸ்ரன் பக்கத்திலிருந்து 111 இருபத்திநாலு மணித்தியாலமும் ஓடுகிறது. அந்த பஸ் பாதையில் வீடு எடுத்தவன் நிம்மதியாகப் போவான். அதைவிட்டு இரண்டு தெரு உள்ளே தள்ளி மலிவாக எடுத்தவன் மார்கழிக் குளிரில் மூன்றரை மணிக்கு நடப்பான்.

அப்புறம், காசு.

சோன் என்பது நடுவிலிருந்து வளையம் வளையமாகப் போவது. சோன் 1 நடு, சோன் 6 வெளி ஓரம். வெளியே போகப் போக வாடகை குறையும், பயணக்காசு கூடும். வாடகையை மட்டும் பார்த்து "ஐயோ மலிவு" என்று முடிவெடுக்காதீர்கள். வீட்டில் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்களோ அத்தனை பேரின் பயணக்காசையும் வாடகையோடு கூட்டுங்கள், கவுன்சில் வரியையும் (உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் வீட்டு வரி) கூட்டுங்கள். அந்த மூன்றும் சேர்ந்ததுதான் உங்கள் உண்மையான வாடகை.

கவுன்சில் வரியை ஒருவரும் முதலில் சொல்வதில்லை. வீட்டின் 1991ஆம் ஆண்டுப் பெறுமதியை வைத்து ஏ முதல் எச் வரை பிரித்திருக்கிறார்கள். ஆனால் தொகை கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். ரூட்டிங் இருப்பது வொன்ட்ஸ்வேர்த் கவுன்சிலில், அங்கே வரி நாட்டிலேயே மிகக் குறைந்த வரிகளில் ஒன்று. பக்கத்தில் இருக்கும் மிச்சம் மேர்ட்டன் கவுன்சில்; அதே வகை வீட்டுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. மிச்சத்தில் வாடகை குறைவு என்று போகிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதோடு மிச்சத்தில் ரியூப் இல்லை, பஸ் எடுத்து ரூட்டிங்குக்கோ கொலியர்ஸ் வூட்டுக்கோ வர வேண்டும். ரூட்டிங்கில் இருக்கும் சென் ஜோர்ஜஸ் ஆஸ்பத்திரியில் வேலை என்றால் மிச்சம் நல்ல இடம்தான், பஸ்ஸே போதும். நடுவில் வேலை என்றால் இரண்டு தடவை யோசியுங்கள். வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் இந்த வரி இல்லை. வேலை செய்கிற ஒருவர் சேர்ந்துவிட்டால் அந்தக் கணக்கு மாறிவிடும்.

பஸ் வசதியைக் குறைவாக நினைக்காதீர்கள். முதல் பஸ்ஸில் ஒய்ஸ்ரர் என்ற பயண அட்டையையோ வங்கி அட்டையையோ தட்டி ஒரு மணித்தியாலத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம்தான். குரொய்டன் பக்கத்து ட்ராமும் அந்தக் கணக்கில் சேரும். பஸ்ஸில் போய்வரக்கூடிய வேலை கிடைத்தால், மாதம் மிஞ்சும் காசு வீட்டுக்கு அனுப்பக் காணும்.

ரயிலில் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். நடுவைத் தொடாமல் சுற்றிப் போனால் கட்டணம் குறைவு. ஹரோ அன்ட் வீல்ட்ஸ்ரோனிலிருந்து ஸ்ராட்போர்ட்டுக்குப் போகிறவர் வில்ஸ்டன் ஜங்சனில் ஓவர்கிரவுண்ட் ரயிலுக்கு மாறிப் போகலாம். அங்கே பிளாட்போமில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு அட்டைக் கருவி நிற்கும். போகிற வழியில் அதில் ஒரு தடவை தட்ட வேண்டும். தட்டாவிட்டால் சோன் 1 ஊடாகப் போனதாக எடுத்துக் கூடக் காசு கழியலாம். மஞ்சள் கருவி வாசலில், இளஞ்சிவப்பு மாறுமிடத்தில். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 முதல் 9.30 மட்டும், மாலை 4 முதல் 7 மட்டும் கூடிய கட்டணம் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

இனி ஏரியாக்கள். எல்லாவற்றையும் எழுத முடியாது, நான் அடிக்கடி சொல்கிறவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ரெயினர்ஸ் லேன் எனக்குப் பிடித்த இடம். மெற்றோபொலிற்றன், பிக்கடிலி என்று ஒரே ஸ்ரேசனில் இரண்டு லைன். ஒன்று பழுதானால் மற்றது இருக்கிறது. தமிழ்க் கடைகள் நடை தூரத்தில். ஹரோ ஒன் த ஹில்லில் மெற்றோபொலிற்றனோடு மேர்லிபோனுக்குப் போகும் ரயிலும் உண்டு. ஹரோவிலிருந்து ஹீத்ரோவுக்கு எஸ்எல்9 என்ற விரைவு பஸ் ஓடுகிறது. வீடு எடுக்கும்போது இரண்டாவது வழி ஒன்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒரு லைனை மட்டும் நம்பியிருக்கும் இடத்தில், அந்த லைன் நின்றால் அன்றைய சம்பளமும் நிற்கும்.

இல்ஃபோர்ட், சவுத்தோல், ஹேய்ஸ் மூன்றும் எலிசபெத் லைன் என்ற புது ரயில் பாதையில் இருக்கின்றன. 2022 மே மாதம் நடுப்பகுதி திறந்த பிறகு இந்த ஊர்களின் நிலையே மாறிவிட்டது. முன்பு தூரம் என்று ஒதுக்கியவர்கள் இப்போது தேடிப் போகிறார்கள். பழைய ஆக்கள் சொல்லும் தகவலில் இது இருக்காது. ஈஸ்ற்ஹாம் சோன் 3க்கும் 4க்கும் எல்லையில் இருப்பதால் நடுவுக்குப் போகிறவர்களுக்குக் கட்டணம் சோன் 3 கணக்கில் வரும், நல்ல விஷயம். ஈஸ்ற் குரொய்டனிலிருந்து லண்டன் பிரிட்ஜுக்கும் விக்ரோறியாவுக்கும் வேகமான ரயில்கள் உண்டு. கற்விக் விமான நிலையத்தில் வேலை என்றால் அதைவிடப் பொருத்தமான இடம் தெரியவில்லை.

"ஸ்லௌவில் மலிவாமே, லூற்றனில் மலிவாமே" என்று கேட்கிறார்கள். வாடகை மலிவுதான். ஆனால் அவை லண்டன் சோன்களுக்கு வெளியே, ரயில் கட்டணம் ஏறிவிடும். ஸ்லௌவுக்கு எலிசபெத் லைனில் வங்கி அட்டை தட்டிப் போகலாம், ஒய்ஸ்ரர் அட்டை செல்லாது. வேலையும் அந்த ஊரிலேயே என்றால் தாராளமாகப் போங்கள். லண்டனுக்குள் தினமும் வர வேண்டுமென்றால் வாடகை, பயணக்காசு, கவுன்சில் வரி மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலைக்குப் போகிறவரின் பயணத்தை மட்டும் பார்க்கக் கூடாது, பகல் முழுக்க வீட்டில் இருக்கப் போகிறவரையும் பாருங்கள். இங்கே மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டோடு கதைத்துப் பழகிய பெண்ணை, கடை கண்ணி இல்லாத ஒரு தெருவில் கைக்குழந்தையோடு விட்டுவிட்டு நீங்கள் பன்னிரண்டு மணித்தியாலம் போய்விடுவீர்கள். மார்கழியில் நாலு மணிக்கே இருட்டிவிடும். தள்ளுவண்டியோடு நடந்து போகக்கூடிய தூரத்தில் கடை, நூலகம், டொக்டர், பூங்கா இருக்கும் இடமாகப் பாருங்கள். இதற்காக வாடகை கொஞ்சம் கூடினாலும் கொடுக்கலாம் என்றுதான் சொல்வேன். தமிழ்க் கடை பக்கத்தில் இருப்பதன் பெறுமதி எனக்கு அரிசி பருப்பில் இல்லை, அந்தப் பெண் நாலு வார்த்தை கதைத்துவிட்டு வருவதில் இருக்கிறது.

கார் வாங்கி ஓடலாம் என்று நினைப்பவர்களுக்கு: இலங்கை லைசென்ஸில் 12 மாதம் ஓடலாம், பிறகு அங்கே பரீட்சை எழுதி ஓடிக் காட்டித்தான் எடுக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பழைய டீசல் காரில் கை வைக்காதீர்கள். 2023 ஓகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதும் புகை விதி வந்துவிட்டது. தகுதியில்லாத வாகனத்துக்கு ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண் கட்ட வேண்டும்.

பள்ளிக்கூடம். அரசுப் பள்ளிகளில் பெரும்பாலானவை வீட்டுத் தூரத்தை வைத்துத்தான் இடம் கொடுக்கும். செப்டெம்பரில் ஆரம்பப் பள்ளியில் சேர்க்க அந்த வருட ஜனவரி 15, மேல்நிலைப் பள்ளிக்கு அதற்கு முந்தின வருட ஒக்ரோபர் 31 கடைசி நாள். இடையில் போய் இறங்குகிறவர்கள் கவுன்சிலிடம் நேரே விண்ணப்பிக்கலாம், ஆனால் இடம் இருக்கிற பள்ளிதான் கிடைக்கும். அதனால் வீட்டுக்குக் கையெழுத்து வைக்க முதல் கவுன்சிலுக்கு ஒரு தொலைபேசி எடுத்து, எந்தப் பள்ளியில் அந்த வகுப்பில் இடம் இருக்கிறது என்று கேளுங்கள். சட்டன், கிங்ஸ்ரன், பார்னெட் பக்கம் பரீட்சை வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் கிராமர் பள்ளிகள் இருப்பதால் நம் பெற்றோர் அங்கே ஓடுகிறார்கள். பிள்ளைக்கு மூன்று வயது என்றால் இப்போதே ஓட வேண்டாம்.

கோயிலுக்காக ஏரியா தெரிவுசெய்ய வேண்டிய காலம் போய்விட்டது. விம்பிள்டன் பிள்ளையார் கோயில் 1981இல் வந்தது, ஹைகேற் முருகன் கோயில் 1986இல். இன்று ஈலிங், ஈஸ்ற்ஹாம், ரூட்டிங், அல்பேர்ட்டன் என்று எந்தப் பக்கம் இருந்தாலும் ஒரு கோயில் கிட்ட இருக்கும்.

கடைசியாக, அறை வாடகைக்கு எடுக்கும்போது. நம்மவர் வீடு என்பதற்காகக் கடதாசி இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். வீட்டைப் பிடித்து வைக்க வாங்கும் பணம் ஒரு வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. வைப்புப் பணம் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்க முடியாது, அதை 30 நாளுக்குள் அரசு அனுமதித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும். இந்தப் பாதுகாப்புத் திட்டம், வீட்டுக்காரர் கூட இல்லாத வீடோ பிளாற்றோ அறையோ ஒப்பந்தத்தில் எடுப்பவர்களுக்கு. வீட்டுக்காரரோடு சேர்ந்து அதே வீட்டில் தங்கும் அறைக்குப் பாதுகாப்புக் குறைவு, அதனால் அங்கே எழுத்தில் வாங்குவது இன்னும் முக்கியம். "இந்த விலாசத்தை பாங்குக்குக் கொடுக்காதே" என்று யாராவது சொன்னால் அந்த அறை வேண்டாம். விலாசம் இல்லாமல் அங்கே ஒன்றும் நகராது.

கேள்வி கேட்கிறவர்கள் வேலையிடத்தின் போஸ்ற்கோட், ஷிஃப்ட் தொடங்கும் முடியும் நேரம், கூட வருகிறவர்கள் யார், பிள்ளைகளின் வயது ஆகியவற்றைச் சேர்த்து எழுதுங்கள். மாதம் எவ்வளவு வாடகை கொடுக்க முடியும் என்பதையும் எழுதினால், மூன்று நாலு இடங்களைப் பயணக்கணக்கோடு எழுதி அனுப்புகிறேன்.